கல்லெருமையின் கொட்டாவி

முப்பத்து மூன்று ஆண்டு அரசு வேலையில் நான் ஒருவரைக்கூட வேலையை விட்டு நீக்கியதில்லை. மெமோ கொடுத்திருக்கிறேன். விளக்கம் கேட்டிருக்கிறேன். வந்த விளக்கம் திருப்தியாக இல்லை என்று இன்னொரு மெமோவும் கொடுத்திருக்கிறேன். நீக்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சனிக்கிழமை பிற்பகலில், மூன்று பேரை விசாரணையே இல்லாமல் நீக்கினேன். மூவரும் ஓர் எருமைக்குள் இருந்தார்கள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இன்றுவரை என் தரப்பை யாரும் எழுத்தில் கேட்கவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, நேராகத் தண்டனை. நான் தாசில்தாருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எங்கள் எருத்தேன்பதியில் இன்றைக்கும் யாராவது வில்லேஜ் ஆபீசுக்கு அபேட்சை, அதாவது மனு, எழுத வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனுக்கு இந்த நீதி. எனவே நானே எழுதி வைக்கிறேன்.

என் மனைவி மரகதம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்றதும் கோயில், கோலம், தையல் என்று ஏதாவது ஒன்றில் இறங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லேப்டாப்பில் பூதங்களை வளர்க்க ஆரம்பித்தாள். அவள் தங்கை பூங்கொடியின் மகள் நித்யா கொச்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அவள் செய்த உபகாரம் இது. ஏற்கெனவே உலகம் முழுக்க விளையாடும் ஒரு பூதச்சண்டை விளையாட்டை எடுத்து, அதிலிருந்த வெளிநாட்டுப் பிராணிகளை எல்லாம் வெளியே தள்ளி, நம் பக்கத்து மயில், உடும்பு, வரையாடு, இருவாச்சி, அட்டை என்று உள்ளே வைத்து, தமிழில் பெயர் போட்டு, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். இப்படிப் பிறர் செய்த விளையாட்டைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதை மாட் என்கிறார்கள். (பிறர் எழுதிய ஃபைலில் என் காலத்தில் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் சஸ்பென்ஷன்.)

பூங்கொடி கல்யாணமாகிப் போனது மூணாறைத் தாண்டி மாட்டுப்பட்டிப் பக்கம். என் சகலை அங்கே எஸ்டேட்டில் வேலை பார்த்து, அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். அக்கா இங்கே வெயிலில், தங்கை அங்கே குளிரில். இருவரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இன்டர்நெட் வழியாகப் பூதங்களை மோதவிடுவார்கள். ஏழு ஞாயிறு சேர்ந்தது ஒரு பருவம். பருவத்தில் தோற்றவர் தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஜெயித்தவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

விளையாட்டுத்தானே என்று நினைக்கலாம். தொடர்ந்து நான்கு தீபாவளிக்கு நாங்கள்தான் மலையேறினோம். முதலிரண்டு தடவை பூங்கொடியின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போனோம். அடுத்த இரண்டு, மரகதம் தோற்றதால் போனோம். நான்கு வருடமாகப் பூங்கொடி பிறந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. "அவ ஒருக்கா என்ற ஊட்டுக்கு ஒறம்பரையா வந்து, நான் சமைச்சதைத் தின்னுபோட்டுப் போகோணுமுங்க" என்று மரகதம் சொல்லும்போது அது விளையாட்டுப் பேச்சாக இருக்காது. எனக்கும் என் பங்குக்கு ஒரு நியாயம் இருந்தது. மாட்டுப்பட்டிக் குளிரில் வெந்நீர் வருவதற்குள் மனிதனுக்குக் குளிக்கும் ஆசையே போய்விடும். அட்டையை வேறு காலிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்த வருடம் ஆறு ஞாயிறு முடிந்து ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஞாயிறு முடிவு தெரியும். அதற்கு முந்தைய புதன்கிழமை மரகதத்துக்குக் கோயமுத்தூரில் கண்புரை ஆபரேஷன். பத்து நாளைக்கு டிவி, போன், கம்ப்யூட்டர் எதையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாமே என்றேன். தள்ளி வைத்தால் தங்கை பத்து வருடம் அதையே சொல்லிக் காட்டுவாள் என்று மறுத்துவிட்டு, இரண்டு கண்ணையும் மறைத்துப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு எனக்குப் பொறுப்பு ஒப்படைத்தாள்.

அவளுடைய படையில் மூன்று பிராணிகள். அதில் தலைமை கல்லெருமை. ஒன்றரை வருடமாக வளர்த்தது. "ஏனுங்க, சனிக்கிழமைக்குள்ள எருமைய ரெண்டு படி மட்டும் ஏத்தி வையுங்க. உசிரு கொஞ்சம் கூடும், அதுக்குத்தான். படி ஏறையில புது வித்தை கத்துக்கட்டுமான்னு கேக்கும். வேண்டாம்னு அமுத்துங்க. எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம்."

"சரி."

"என்ன அமுத்துவீங்க?"

"வேண்டாம்."

இது வாய்மொழி உத்தரவு. எழுத்தில் இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஒரு பொறுப்பை ஏற்றால் அதற்கான விதிகளைப் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல. வியாழக்கிழமையே விளையாட்டின் கையேட்டைத் தேடி எடுத்தேன். நூற்று நாற்பது பக்கம். பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து, பச்சை மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி இரண்டு நாளில் முடித்தேன். நித்யாவே இந்தக் கையேட்டை இவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டாள். (படித்திருந்தாள். அதனால்தான் அதை மாற்ற முடிந்தது. அது பிறகு.)

நடைமுறை இதுதான். ஒரு பிராணிக்கு நான்கு வித்தைகள்தான் நினைவில் நிற்கும். அதாவது அனுமதிக்கப்பட்ட பணியிடம் நான்கு. ஐந்தாவதாக ஒருவரை நியமிக்க வேண்டுமென்றால் இருப்பவரில் ஒருவர் வெளியேற வேண்டும். நியாயமான ஏற்பாடு. படி ஏறும்போது சில வித்தைகள் தாமாகவே வந்து விண்ணப்பிக்கும். சிலவற்றைச் சுவடி வைத்துக் கற்பிக்கலாம். தவறாக மறக்கடித்துவிட்டால்? அதற்கும் பதினேழாம் பிரிவில் வழி இருந்தது. ஆற்றங்கரை ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார். அவரிடம் பிராணியைக் கூட்டிப்போனால் மறந்ததைத் திரும்ப நினைவுபடுத்திவிடுவார். மேல்முறையீடு உண்டு. மேல்முறையீடு இருக்கிற இடத்தில் துணிந்து முடிவெடுக்கலாம் என்பது நான் பணியில் கற்ற பாடம்.

சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின் மரகதம் படுத்துவிட்டாள். நான் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பொறுப்பேற்றதும் முதல் வேலை இருப்புச் சரிபார்ப்பு. மரகதத்தின் பையைத் திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டுச் சுவடிகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல். எனக்கு எரிச்சலாக வந்தது. வாங்கிய சாமானை உபயோகிக்காமல் ஸ்டோரில் பூட்டி வைப்பதைப்போல ஒரு நிர்வாகக் கேடு கிடையாது.

அடுத்து எருமையின் பணியாளர் பட்டியல். வரிசையாக நான்கு பெயர், பக்கத்தில் தாக்கும் அளவு என்று ஒரு கட்டம். முட்டு, எழுபது. புழுதி, சைபர். அசைபோடு, சைபர். கொட்டாவி, சைபர்.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நான்கு பேரில் மூன்று பேர் வேலையே செய்யவில்லை. ஒருவர் புழுதி கிளப்புகிறார். ஒருவர் அசைபோடுகிறார். ஒருவர் கொட்டாவி விடுகிறார். பாவம், முட்டு ஒருவர் மட்டும் மாடாய் உழைக்கிறார். ஒன்றரை வருடமாக இந்த ஆபீஸ் இப்படித்தான் நடந்திருக்கிறது. கணக்கு டீச்சருக்கு நிர்வாகம் தெரியாது என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இப்படியா?

இந்த இடத்தில் எனக்கு ஒருவரின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ரெக்கார்டு ரூம் வாசலில் ஒரு பியூன் இருந்தார். நாள் முழுக்கக் கொட்டாவி விடுவார். அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியவன் நான்தான். அவர் போன மறுநாளிலிருந்து ஒரு ஃபைலும் கிடைக்கவில்லை. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாம் வாரம் அவரைத் திரும்பக் கேட்டு நானே எழுதினேன். இவ்வளவு பட்டும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. எருமைக்கு முன்னால் உட்கார்ந்தால் மனிதனுக்கு அனுபவம் உதவுவதில்லை.

எருமையை இரண்டு படி ஏற்றினேன். முதல் படியில் திரையில் கேள்வி வந்தது. கல்லெருமை நிலநடுக்கம் என்ற வித்தையைக் கற்க விரும்புகிறதாம். தாக்கும் அளவு நூறு. தகுதியுள்ள விண்ணப்பதாரர், வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பழைய வித்தையை மறக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். கொட்டாவியையா என்றது. ஆம். நிச்சயமாகவா என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. முடிவெடுக்கத் தெரிந்த அதிகாரியிடம் மூன்று தடவை கேட்பது அவமரியாதை. ஆம் என்று ஓங்கி அமுக்கினேன். கல்லெருமை தலையை ஒருமுறை ஆட்டியது. அவ்வளவுதான்.

அடுத்த படியில் பாறை வீச்சு வந்தது. அதற்கு அசைபோடு இடத்தைக் கொடுத்தேன். புழுதி மட்டும் தனியாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பையிலிருந்து 'கொம்புச் சூறை' என்ற சுவடியை எடுத்துப் பிரித்துக் கற்பித்தேன். தாக்கும் அளவு நூற்றிருபது. சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். முடித்துவிட்டு நானே காப்பி போட்டுக் குடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு திருப்தியாக ஒரு நாளும் இருந்ததில்லை.

எழுந்து வந்த மரகதம், "ஏத்தீட்டீங்களா?" என்றாள்.

"ஏத்தியாச்சு."

"ஒண்ணும் கேக்கலியே?"

"கேட்டுது. பதில் சொல்லீட்டேன்."

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. சட்டசபைக் கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக் கொடுத்துப் பழகிய கை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மேசைமேல் லேப்டாப், பக்கத்தில் போன், அதன் மறுமுனையில் மாட்டுப்பட்டியில் பூங்கொடியும் சகலையும், கொச்சியில் நடுவராக நித்யாவும். போன் திறந்தே இருக்கும். ஆட்டம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது என்பது அவர்கள் விதி. எனவே மரகதம் என் தோளோடு தோளாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பச்சைத் துணிக் கண்ணோடு, என் காதில் ரகசியமாகச் சொல்வாள். நான் அமுக்குவேன்.

பூங்கொடி இருவாச்சிப் பறவையை இறக்கினாள். எங்கள் கல்லெருமை களத்துக்கு வந்து கால் மாற்றி நின்றது.

"என்ன இறக்கியிருக்கறா?"

"இருவாச்சி."

மரகதத்தின் முகம் மலர்ந்தது. அவள் எதிர்பார்த்தது அதையேதான். என் காதுக்குள், "கொட்டாவி" என்றாள்.

கொட்டாவி இருந்த இடத்தில் இப்போது நிலநடுக்கம் இருந்தது. அவளுடைய திட்டத்தை அவள் அடுத்த அரை நிமிடத்தில் கிசுகிசுத்தாள். எருமை கொட்டாவி விட்டால் பார்க்கிற எதிரிக்கும் தூக்கம் வந்துவிடும். அது தூங்குகிற நேரத்தில் எருமை அசைபோட்டு இழந்த உயிரைச் சேர்த்துக்கொள்ளும். எழுந்தால் புழுதி கிளப்பினால் எதிரியின் குறி தப்பும். மறுபடி கொட்டாவி. இப்படியே எதிரியின் மூன்று பிராணிகளையும் அரைத் தூக்கத்தில் வைத்துவிட்டு, கடைசியில் மயிலை இறக்கிக் கொத்தவிட வேண்டியதுதான். ஆறு வாரம் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு. வேலை செய்யாதவர்கள் என்று நான் வெளியே அனுப்பிய மூவரும்தான் அந்த ஆபீஸ். முட்டு சும்மா ஒப்புக்கு இருந்தவர்.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிலநடுக்கத்தை அமுக்கினேன். நூறு என்றால் நூறு, கொட்டாவிக்குப் பதில் எதிரியே காலியானால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

திரையில் பூமி ஆடியது. இருவாச்சி மேலே பறந்துகொண்டிருந்தது. அதன் இறகுகூட அசையவில்லை. எங்கள் எருமையின் உயிர்க்கோடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

"போட்டீங்களா?" என்றாள் மரகதம் மெதுவாக.

"போட்டாச்சு."

"சத்தமே வரலியே. கொட்டாவின்னா ஆவ்வுன்னு இழுத்து ஒரு சத்தம் வருமுங்க."

சத்தத்தை நான் காலையிலேயே குறைத்து வைத்திருந்தேன், ஆபரேஷன் ஆன தலைக்கு இரைச்சல் ஆகாது என்று. அவள் கை லேப்டாப்பைத் தேடிக்கொண்டு நகர்ந்தது. சத்தம் கூடினால் பூமி ஆடுகிற சத்தம் கேட்கும். எனக்கு யோசிக்க நேரமில்லை.

நான் கொட்டாவி விட்டேன்.

அறுபது வயதில், கெஜட்டில் பெயர் வந்த மனிதன், லேப்டாப்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு, எருமையைப்போல வாயைத் திறந்து, "ஆ…வ்" என்று இழுத்தேன். மரகதத்தின் கை நின்றது.

"இப்பக் கேட்டுதுங்க," என்றாள் திருப்தியாக. "தூங்கீருச்சா?"

"இன்னும் இல்ல. கண்ணு சொருகுது."

"இன்னொருக்கா உடுங்க."

மறுபடி நிலநடுக்கம். எருமைக்கு இன்னும் ஒரு பங்கு போனது. மறுபடி நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை சங்கதி வேறு விதமாகப் போனது. கொட்டாவி என்பது வேண்டுமென்று ஆரம்பித்தாலும் வேண்டுமென்று நிறுத்தக்கூடிய விஷயம் அல்ல. பாதி வழியில் அது நிஜக் கொட்டாவியாக மாறிவிட்டது. தாடை எலும்பு சொடுக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தினால் இன்னொன்று பின்னாலேயே வந்தது. அதைக் கேட்டு மரகதத்துக்கும் ஒன்று வந்தது. போனுக்குள்ளே மாட்டுப்பட்டியில் யாரோ கொட்டாவி விட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது சகலை. எருமையின் திட்டம் ஒரு வகையில் வேலை செய்தது. ஆட்டத்தில் சம்பந்தப்பட்ட மனிதர்கள் அனைவருக்கும் தூக்கம் வந்தது. இருவாச்சிக்கு மட்டும் வரவில்லை.

மூன்றாவது நிலநடுக்கத்தை அமுக்கிவிட்டு நான் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது பூங்கொடி விதியை மீறினாள்.

"அக்கா, உங்கூட்ல ஆரு இப்படிக் கொட்டாவி உடறது?"

மரகதம் போன் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"எம்பட கம்ப்யூட்டர்ல உன்ற எருமை பூமியப் புடிச்சு ஆட்டீட்டு இருக்குது. நான் ஒண்ணுமே பண்ணுல. அதா, உழுந்துருச்சு. அதுவே ஆட்டி அதுவே உழுந்துருச்சு."

எங்கள் வீட்டில் எருமை மெதுவாகச் சாய்ந்தது. எதிரி ஒருமுறைகூடத் தொடவில்லை.

மரகதம் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். கண்ணில் துணி கட்டியிருந்தது. ஆனாலும் அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"கொட்டாவி எங்கீங்க?"

நான் பணியிடம் நான்குதான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அசைபோடறது?"

"இல்லை."

"புழுதி?"

"இல்லை."

"முட்டறது?"

"அது இருக்குது."

"அதையேனுங்க உட்டு வெச்சீங்க," என்றாள்.

போனில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மீதி ஆட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை. முழு விழிப்போடு இருந்த பூங்கொடியின் பிராணிகள் மயிலை நான்கு அடியில் முடித்தன. உடும்பின் ரத்தத்தை அட்டை உறிஞ்சியது. மூன்று இருபதுக்கு எங்கள் தீபாவளி மாட்டுப்பட்டியில் என்று முடிவானது.

ஆனால் நான் தோற்கவில்லை. பதினேழாம் பிரிவு இருக்கிறதே. எருமையைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊருக்குப் போனேன். வைத்தியர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. வாசலில் ஒரு பலகை: இங்கு வைத்தியர் இல்லை.

உடனே உட்கார்ந்து நித்யாவுக்கு ஒரு மனு எழுதினேன். பொருள், பார்வை, உள்ளடக்கம் என்று முறைப்படி, இரண்டு பக்கம். கையேட்டின் பதினேழாம் பிரிவின்படி மறந்த வித்தையைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்றும், வைத்தியரைப் பூட்டி வைத்திருப்பது விதிமீறல் என்றும், கொட்டாவியை உடனே மீள நியமிக்க ஆவன செய்யும்படியும் கேட்டிருந்தேன். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"பெரியப்பா, அது பழைய கேமோட கையேடு. லேப்டாப்பைத் தொறந்ததும் மேலாப்புலயே ஒரு ஃபைல் இருக்கும் பாருங்க."

இருந்தது. நான்கு நாளாக அது அங்கேதான் இருந்தது. நானும் பார்த்திருந்தேன். நன்றி, வணக்கம், வாழ்த்துகள் என்று ஏதோ சிறுசுகள் எழுதி வைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஃபைலின் பெயர் 'முதலில் இதைப் படிக்கவும்'.

ஒன்றரைப் பக்கம். மூல விளையாட்டிலிருந்து இந்த மாட்டில் செய்யப்பட்ட திருத்தங்கள் என்று தலைப்பு. வைத்தியர் நீக்கப்பட்டார்; மறந்த வித்தை மறந்ததே. ஒரு சுவடியை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பறக்கும் எதிரியின் மேல் நிலநடுக்கம் செய்தால் அடி செய்தவருக்கே.

அதை இரண்டு தடவை படித்தேன். சட்டம் என்றால் எனக்குத் தெரியாதா? மூலச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து என் மேசைமுன் வாதாடிய எத்தனை பேரை, "திருத்தம் வந்தாச்சு, தெரியாதா? போய்ப் படிச்சுட்டு வாங்க" என்று நான் திருப்பி அனுப்பியிருப்பேன். நல்லேப்பிள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு விவசாயியை ஒரே வாரத்தில் மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கிறதே, படிக்கக் கண் இல்லையா என்று கேட்டிருக்கிறேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கோபம் தணியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருத்தம் செய்தவர்கள் அதைக் கையேட்டிலேயே சேர்த்து வெளியிட்டிருக்க வேண்டாமா? முக்கியமான பணியாளரை நீக்கும்போது நிச்சயமாகவா என்று மூன்று தடவை கேட்டால் போதுமா? ஏன் என்று ஒரு தடவை கேட்கக்கூடாதா? இதையெல்லாம் நித்யாவிடம் எழுதிக் கேட்டேன். "உங்ககிட்ட ஏன்னு கேட்டா நூத்தி நாப்பது பக்கம் பதில் வரும், பெரியப்பா" என்று எழுதினாள்.

மரகதம் என்னைத் திட்டவில்லை. நான்கு நாள் பேசவில்லை, ஐந்தாம் நாள் கண் பரிசோதனைக்குப் போகும்போது காரில் பேசினாள். கொட்டாவி என்பது கல்லெருமைக்குத் தானாக வருகிற வித்தை அல்லவாம். கொட்டாவி தெரிந்த தேவாங்கோடு சேர்த்து வளர்த்து, முட்டை பொரித்து, கன்றுகளில் ஒன்றுக்காவது பரம்பரையாக வந்தால்தான் உண்டாம். அந்தக் கன்றுக்காக அவள் எண்பத்தாறு முட்டை பொரித்திருந்தாள். (எருமைக்கும் தேவாங்குக்கும் எப்படி என்று கேட்டேன். கேட்கக்கூடாதாம். எருமை முட்டை போடுமா என்பதையும் கேட்கக்கூடாதாம்.) நான் சாதாரணமாகப் பிரித்த கொம்புச் சூறைச் சுவடி பருவத்துக்கு ஒன்றுதான் கிடைக்குமாம். அதை அவள் ஒன்றுமில்லை என்பதுபோல் சொன்னது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

தண்டனை இவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது. முட்டை பொரிய வேண்டுமென்றால் அதைச் சுமந்துகொண்டு விளையாட்டுக்குள் ஆயிரக்கணக்கான அடி நடக்க வேண்டும். அந்த நடையை நான் நடக்க வேண்டும். தினமும் காலை பேப்பர் படித்ததும் உட்கார்ந்து, அம்புக்குறிப் பொத்தானை இடது, வலது, இடது, வலது என்று அமுக்கி, ஒரு பாலத்தின் மேல் முட்டையோடு உலாத்தினேன். ஐம்பத்தேழாவது முட்டையில் ஒரு கன்று கொட்டாவி விட்டுக்கொண்டே பிறந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மரகதம் அடுக்களையிலிருந்து வந்து பார்த்து, "நீங்க இனி அதைத் தொடாதீங்க" என்றாள்.

அந்தத் தீபாவளிக்கு ஐந்தாம் தடவையாக மலையேறினோம். வெந்நீர் வழக்கம்போல் தாமதமாக வந்தது. பலகாரம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பயண அலுப்பில் எனக்கு இயற்கையாக, ஒரு கபடமும் இல்லாமல், கொட்டாவி வந்தது. சகலை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முகத்தைப் பாரமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, விட்டுறாதிய. பத்திரமா வச்சிக்கிடுங்க. போனா பொறவு கெடைக்காது."

அன்றிலிருந்து நான் எந்த வீட்டில், எந்தக் கல்யாணத்தில், எந்தத் துக்கத்தில் கொட்டாவி விட்டாலும், "இன்னும் மறக்கல" என்று யாராவது ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்வார். அந்த ஆளுக்குக் கதை தெரியாவிட்டால் அங்கேயே சொல்லப்படும். ஒவ்வொரு தடவையும் கதையில் என் கொட்டாவி கொஞ்சம் நீளுகிறது. போன மாதம் கேட்டபோது அது வீட்டுக்கு வெளியே தெருவரை கேட்டதாக ஆகிவிட்டிருந்தது.

மறுவருடம் மரகதம் ஜெயித்தாள். புதுக் கல்லெருமை பூங்கொடியின் படையை ஒரு மணி நேரம் தூங்கவைத்தது. பூங்கொடி குடும்பத்தோடு எருத்தேன்பதிக்கு வந்து, அக்கா சமைத்ததை மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு, போகும்போது வாசலில் நின்று அரை மணி நேரம் அழுதாள். அந்த வெற்றி பெற்ற கன்றைப் பாலத்தின் மேல் சுமந்தவன் நான் என்பதை அங்கிருந்த ஒருவரும் நினைவுகூரவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. ஒரே ஒருமுறை, சாப்பிடும்போது, லேசாகச் சொன்னேன். சகலை கொட்டாவி விட்டார்.

நித்யா தன் மாட்டின் புதிய பதிப்பை அப்போது கையோடு கொண்டுவந்திருந்தாள். என்ன மாற்றம் என்று கேட்டேன். நீங்களே பாருங்கள் என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள். இந்தத் தடவை 'முதலில் இதைப் படிக்கவும்' என்பதை முதலில் படித்தேன். ஒரே ஒரு திருத்தம்தான். வித்தையை மறக்கடிக்கும்போது மூன்று கேள்விகளுக்குப் பின் நான்காவதாக ஒரு கேள்வி வரும் என்றிருந்தது.

சரிபார்க்க வேண்டியது என் கடமை. ஒரு வேண்டாத உடும்பை எடுத்து, புது வித்தை கற்கவிட்டு, ஆம், ஆம், ஆம் என்று அமுக்கினேன். நான்காவது கேள்வி வந்தது.

'நீங்கள் பெரியப்பாவா?'

முப்பத்து மூன்று ஆண்டில் நான் எந்த ஆவணத்திலும் பொய் எழுதியதில்லை. ஆம் என்று அமுக்கினேன். லேப்டாப் தானாக அணைந்துவிட்டது.